மஞ்சள் கரிசாலைப் பாத்தி

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சேதி வந்த மறுநாளே தூத்துக்குடியில் பாதிச் சனம் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டது. அடுத்தது நம் துறைமுகம்தான் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். பாய், சட்டிபானை, கோழிக்கூடு என்று ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டிகள் ஊரைவிட்டு வெளியே போய்க்கொண்டே இருந்தன. பலசரக்குக் கடைக்காரன் மந்திரமூர்த்தியும் ஓட்டப்பிடாரத்தில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்து, வண்டி பேசிவரக் கிளம்பினான்.

அவன் தெருமுனை திரும்பியதும் அவன் மனைவி செண்பகம் புறவாசலுக்கு வந்தாள். அந்த வளவில் ஆறு வீடுகள். கடைசி இரண்டு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே புறவாசல். அதில் ஒரு உப்புத்தண்ணீர்க் கிணறு, ஒரு துவைகல், ஒரு முருங்கை மரம். பக்கத்து வீட்டுச் சீனித்தாய் குழாயடிக்குப் போயிருந்தாள். செண்பகம் துவைகல்லுக்கும் மதிலுக்கும் நடுவில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டினாள். ஒரு பித்தளைச் செம்பை அதற்குள் இறக்கி, மண்ணைத் தள்ளி மிதித்து, மேலே தண்ணீரையும் ஊற்றிவிட்டாள். துணி துவைத்த ஈரம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

செம்புக்குள் அவளுடைய அம்மாவின் காதுப் பாம்படமும் கழுத்துக் கல் அட்டியலும், அவளுடைய சங்கிலிகளும் இருந்தன. செம்பின் வாயைத் துணியால் கட்டி, தோணிக்காரர்கள் பலகை இடுக்கில் பூசுகிற குங்கிலியத்தை உருக்கி அதன்மேல் பூசியிருந்தாள். இது மந்திரமூர்த்திக்குத் தெரியாது. நகையெல்லாம் நாசரேத்தில் துணிக்கடை வைத்திருக்கும் தன் அண்ணன் சிவசுப்பிரமணியனிடம் பத்திரமாக இருக்கிறது என்று அவனிடம் சொல்லியிருந்தாள்.

புருஷனிடம் அப்படி ஒரு பொய் சொல்ல அவளுக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அப்பா வியாபாரம் வியாபாரம் என்றே அம்மாவின் கழுத்தையும் கையையும் மொட்டையாக்கியவர். அம்மா அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்ததால் இந்தப் பாம்படமும் அட்டியலும் மட்டும் தப்பின. அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, மந்திரமூர்த்தி சாப்பிடும்போது கடையைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினாலே அடுத்து நகையைத்தான் கேட்பான் என்று தோன்றிவிடும். அவன் ஒன்றும் கெட்டவன் இல்லை. ஆனால் அப்பாவும் கெட்டவர் இல்லை.

வண்டி வந்தது. செண்பகம் வீட்டுச் சாவியைச் சீனித்தாயின் கையில் கொடுத்தாள். சீனித்தாயின் புருஷன் பிச்சையா துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற வேலை பார்த்தான். சரக்குக் கப்பல் வந்துகொண்டிருந்ததால் அவனால் ஊரைவிட்டு அசைய முடியாது.

“நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் போறேன் அக்கா.”

“நீ நிம்மதியாப் போளா. குண்டு எங்க தலையில விழாம இருந்தா, ஒன் வீட்டுல ஒரு துரும்பு அசையாது” என்றாள் சீனித்தாய்.

குண்டு விழவில்லை. கோடை முழுக்கப் பயந்திருந்துவிட்டு, புரட்டாசியில் சனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மந்திரமூர்த்தியின் வண்டியும் வந்து வளவு வாசலில் நின்றது.

“வந்துட்டியாளா செண்பகம்! இப்படியா எளைச்சுப் போவ? நாத்தனார் வீட்டுல சோறு போடலியா?” என்று சீனித்தாய் ஓடிவந்து மூட்டையை வாங்கினாள்.

“வீடெல்லாம் நல்லா இருக்காக்கா?”

“போய்ப் பாரு. காலையிலதான் கூட்டித் தெளிச்சேன்.”

செண்பகம் வீட்டைப் பார்க்கவில்லை. நேராகப் புறவாசலுக்குப் போனாள். போனவள் நிலைவாசலிலேயே நின்றுவிட்டாள்.

துவைகல் அங்கே இல்லை. முருங்கை மரத்தடியில், முற்றத்தின் அடுத்த கோடியில் கிடந்தது. அது இருந்த இடத்தில், மதில் ஓரமாக, செங்கல் பதித்து ஒரு பாத்தி. பாத்தி முழுக்கத் தரையோடு படர்ந்த ஒரு செடி. சொரசொரப்பான இலைகளுக்கு மேலே நீளக் காம்பில் ஒவ்வொன்றாக மஞ்சள் பூக்கள் நின்றன. சட்டைப் பொத்தான் அளவுப் பூ.

“இது என்னதுக்கா?” என்று கேட்டபோது அவள் குரல் அவளுக்கே வேறாகக் கேட்டது.

“மஞ்சக் கரிசாலைளா. நீங்க போன பெறகு எங்க வீட்டுக்காரருக்குக் காமாலை வந்துட்டு. கண்ணு ரெண்டும் மஞ்சள். ஏரல்ல எங்க சித்தி வீட்டு வாய்க்கா ஓரமெல்லாம் இதுதான் கெடக்கும். ரெண்டு கொடியை வாழைமட்டையில சுத்திக் கொண்டாந்து ஊணுனேன். கணுவுக்குக் கணு வேர் விட்டு எப்பிடிப் பிடிச்சிருக்கு பாத்தியா! இந்த உப்பு மண்ணுல வருமான்னு பயந்தேன். வண்டல் அள்ளிப் போட்டு, சாணியைக் கரைச்சு ஊத்தி, அப்புறந்தான் தளிர்த்துச்சு.”

“கல்லு?”

“எந்தக் கல்லு?”

“தொவைக்கிற கல்லுக்கா. இங்கனதான கெடந்துச்சு.”

சீனித்தாய் சட்டென்று முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். அவள் பார்வை செடிக்குப் போய்விட்டது. “சவுக்காரத் தண்ணி பட்டா வேர் அழுகிரும். அதான் உருட்டி அங்கன போட்டோம்.”

செண்பகம் குனிந்து ஒரு கொடியைத் தூக்கிப் பார்க்கப் போனாள்.

“கை வைக்காதளா! பிடிச்சு இழுத்தா வேரோட வந்துரும். ஒனக்கு வேணும்னா நான் பறிச்சுத் தாரேன்.”

அந்தக் குரலில் இருந்த பதற்றம் செண்பகத்தின் நெஞ்சில் முள்ளாக இறங்கியது. முற்றம் இவ்வளவு பெரிதாகக் கிடக்கிறது. செடி வைக்க இவளுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

அன்றிலிருந்து அவள் சீனித்தாயைக் கவனிக்க ஆரம்பித்தாள். கவனிக்கக் கவனிக்க ஒவ்வொன்றும் ஒரு மாதிரியாகத் தெரிந்தது. சீனித்தாயின் காதில் புதிதாக ஒரு கம்மல். செண்பகம் ஊரைவிட்டுப் போகும்போது வேப்பங்குச்சி செருகியிருந்த காது அது. எல்லார் வீட்டிலும் குடிக்கிற தண்ணீருக்கே குழாயடியில் அடிதடி. இவளோ அந்தக் குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து, கிணற்று உப்புத்தண்ணீர் செடிக்கு ஆகாது என்று தினமும் சாயங்காலம் பாத்தியில் ஊற்றினாள். முன்வீட்டு ஆடு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் கையில் விளக்குமாற்றோடு பாய்ந்து வந்தாள். செண்பகம் கிணற்றடிக்குப் போனால், ஏதோ ஒரு வேலையை வைத்துக்கொண்டு அவளும் வெளியே வந்துவிடுவாள்.

“கம்மல் புதுசாக்கா?” என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தாள்.

சீனித்தாய் காதைத் தொட்டுக்கொண்டு சிரித்தாள். “நல்லா இருக்கா? அவுக வாங்கிட்டு வந்தாக.”

மூட்டை தூக்குகிறவனுக்குக் கம்மல் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? கப்பல் நிறைய வருகிறது, கூலி கூடியிருக்கிறது என்று செண்பகத்துக்குத் தெரியும். தெரிந்தாலும் மனசு கேட்கவில்லை. அடுத்த தெரு ஆசாரி கடையில் தன் சங்கிலி உருகி ஓடுகிற மாதிரி பட்டப்பகலிலேயே அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

தோண்டிப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் எப்படித் தோண்டுவாள்? பாத்தியில் மண்வெட்டியைப் போட்டால் சீனித்தாய் ஏன் என்று கேட்பாள். அவளிடம் சொன்னால் அது புருஷன் காதுக்குப் போகும். செம்பு இருந்தால் புருஷனிடம் சொன்ன பொய் வெளியே வரும். இல்லாவிட்டால், அண்ணனிடம் இருக்கிறது என்று சொன்ன நகையை எங்கே காணோம் என்று யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

மந்திரமூர்த்தி கடைக்குப் போயிருக்கும் நேரத்தில், சீனித்தாய் குழாயடியில் நிற்கும்போது தோண்டிவிடலாம் என்று அவள் நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மந்திரமூர்த்தி காய்ச்சலில் விழுந்தான். காய்ச்சல் விட்டபோது கண் மஞ்சளாக இருந்தது. சோற்றைப் பார்த்தாலே குமட்டினான். கடையைப் பூட்டிவிட்டுப் புறவாசல் கதவை ஒட்டிக் கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டான். காற்று அங்கேதான் வரும் என்றான். கட்டிலில் இருந்து பார்த்தால் பாத்தி நேராகத் தெரியும்.

டாக்டர் வந்து பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தார். எண்ணெய் கூடாது, உப்பைக் குறை, ஓய்வு எடு என்றார். சீனித்தாய்க்கு அது போதவில்லை. மறுநாள் காலையில் பாத்தியிலிருந்து ஒரு கை கரிசாலை இலையைக் கிள்ளி, அம்மியில் வைத்து மை போல அரைத்து, பனங்கற்கண்டு போட்ட ஆட்டுப்பாலில் கலந்து கொண்டுவந்தாள்.

“வெறும் வயித்துல குடிக்கச் சொல்லுளா. எங்க வீட்டுக்காரரு இதைக் குடிச்சுத்தான் எந்திரிச்சாக.”

செண்பகம் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். பாலின் மேல் பச்சை மிதந்தது. அடுக்களைக்குள் போய் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். திருடினவள் எதற்கு இவ்வளவு உபசாரம் செய்ய வேண்டும்? மனசு குறுகுறுக்கிறதா? இல்லை, இந்த வீட்டில் கேட்கிறதற்கு ஆள் இல்லாமல் ஆக்கிவிடலாம் என்று பார்க்கிறாளா? இப்படி நினைத்ததும் அவளுக்கே பயமாகிவிட்டது. ஆனாலும் கிண்ணத்தைப் புருஷனிடம் கொண்டுபோகக் கை வரவில்லை. அடுப்படி ஜன்னலுக்கு வெளியே இருந்த சாம்பல் குவியலில் கவிழ்த்துவிட்டு, கழுவின கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

“குடிச்சாகளா?”

“குடிச்சாக.”

மறுநாளும் சீனித்தாய் கொண்டுவந்தாள். அதற்கு மறுநாளும். செண்பகம் தினமும் வாங்கினாள், தினமும் கவிழ்த்தாள். மந்திரமூர்த்தியின் கண் தெளியவில்லை. நாளுக்கு நாள் அவன் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு மத்தியானம் கஞ்சி கொடுக்கப் போனபோது அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒங்க அண்ணன் எப்பிடி இருக்கான்?”

“நல்லா இருப்பான். என்ன திடீர்னு?”

“ஒண்ணுமில்ல. ஓட்டப்பிடாரத்துக்கு அவன் வந்தான்லா, நீ கோயிலுக்குப் போயிருந்தப்ப. பேசிக்கிட்டு இருந்தோம். அதான் நெனச்சேன்.”

என்ன பேசினீர்கள் என்று கேட்கத் துணியாமல் அவள் கஞ்சியைக் கட்டில் பக்கம் வைத்துவிட்டு விலகினாள். அவனும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்று முழுக்க அவள் கைக்கு எந்த வேலையும் ஓடவில்லை. இவனுக்கு என்ன தெரியும்? எவ்வளவு தெரியும்? சீனித்தாய் ஏதாவது சொல்லியிருப்பாளோ? தினமும் சாயங்காலம் பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற வரும்போது கதவுப் பக்கம் நின்று இவனிடம் என்ன குசுகுசுக்கிறாள்?

ஐப்பசி பிறந்து முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. டாக்டர் மந்திரமூர்த்தியை நேரில் கூட்டிவரச் சொல்லியிருந்தார். பிச்சையா ஒரு குதிரைவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

“அண்ணாச்சிய நான் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன். நீ இரும்மா. அங்கன ஒரே கூட்டமா இருக்கும்.”

வண்டி போனது. கொஞ்ச நேரத்தில் சீனித்தாயும் குடங்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். செண்பகம் இரண்டு வாசல்களையும் ஒருதரம் எட்டிப் பார்த்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்தாள்.

முதலில் கொடிகளை அலுங்காமல் விலக்கத்தான் நினைத்தாள். கணுவுக்குக் கணு வேர் பிடித்திருந்ததால் ஒன்றைத் தூக்கினால் பாய் மாதிரி எல்லாம் சேர்ந்து வந்தது. மேல் வேர்தான், ஆழம் இல்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்து ஒதுக்கினாள். பிய்ந்தது, ஒடிந்தது, பூக்கள் சேற்றில் விழுந்தன. அவளுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. மூச்சுவாங்க வெட்டினாள். மண் கறுப்பாக, பதமாக இருந்தது. இவ்வளவு நல்ல மண் இந்த முற்றத்தில் இருந்ததே இல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து போட்ட மண். அப்படியென்றால் உள்ளே இருந்த மண்?

மண்வெட்டி நங்கென்று பட்டது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கையால் பறித்துச் செம்பை வெளியே எடுத்தாள். கனம் இருந்தது. ஒரு நொடி அவளுக்குக் கண்ணீர் வரும்போல இருந்தது. மண்ணைத் துடைத்து வாய்ப்பக்கம் பார்த்ததும் அந்த ஈரமும் வற்றிவிட்டது. அவள் பூசியிருந்தது பழுப்பு நிறக் குங்கிலியம். இப்போது அதன்மேல் இருந்தது வெள்ளை மெழுகு. மாதா கோயில் வாசலில் விற்கிற மெழுகுவர்த்தியின் மெழுகு.

திறந்திருக்கிறார்கள்.

நகத்தால் சுரண்டி, துணியைக் கிழித்து, எல்லாவற்றையும் மடியில் கொட்டினாள். பாம்படம், அட்டியல், சங்கிலிகள். எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். எல்லாமே இருந்தன.

“எண்ணிப் பாத்துக்க” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சீனித்தாய் இடுப்பில் குடத்தோடு நின்றாள். அவள் நகையைப் பார்க்கவில்லை. பிய்ந்து கிடந்த செடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் குடத்தை இறக்கி வைத்தாள்.

“அக்கா...”

“எல்லாம் இருக்கா? கொறையுதா?”

“இருக்கு.”

“செடிக்கு வண்டல் போட உப்பு மண்ணத் தோண்டுனேன். இதே மாதிரிதான் நங்குன்னுச்சு. இந்த எடத்துல மட்டுந்தான் ஈரம் நிக்கும்னு ஊணப்போனேன். இதுக்குள்ள ஒன் சொத்து கெடக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?” சீனித்தாயின் குரல் ஏறியது. “பயந்துட்டேம்ளா. வளவுல பாதி வீடு காலி. முன்வீட்டுல கண்ட கண்ட ஆளு வந்து தங்கியிருந்தான். ஹார்பர்காரப் பயலுவ வந்து இந்தக் கல்லுலதான் ஏறி நின்னு குளிப்பானுவ. எவனாவது காலை வச்சு அழுத்தினா மண்ணு உள்வாங்கியிருக்கும். வெளிய தெரிஞ்சு காணாமப் போனா யாரச் சொல்லுவ? சாவி யார் கையில இருந்துச்சு? அதான் கல்லை உருட்டச் சொன்னேன். எங்க வீட்டுக்காரர்கிட்டகூட எதுக்குன்னு சொல்லல. அது மேலயே செடியப் பரத்தி விட்டேன். ஒரு பய கிட்ட வராம காத்தேன். ஊர் பூராத் தண்ணிக்கு நாயா அலையுது, நான் ஒன் குழிக்கு நல்ல தண்ணி ஊத்துனேன்.”

“மெழுகு...?” செண்பகம் கேட்டேவிட்டாள். கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

சீனித்தாய் மெழுகைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. பாத்தி ஓரத்துச் செங்கல்லில் உட்கார்ந்தாள்.

“தெறந்தேன். மறைக்க மாட்டேன். தெறந்து எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன். வளவுல ஒரு பொம்பள கெடையாது. கதவைச் சாத்திட்டு ஒன் அட்டியலைக் கழுத்துல போட்டு, ரசம் போன கண்ணாடியில நின்னு பாத்தேன். பாம்படத்தைக் காதுகிட்ட பிடிச்சுப் பாத்தேன். கழத்தி வைக்க மனசே வரல. பொழுது சாயுத வரைக்கும் போட்டுட்டே சோறு பொங்குனேன். அப்புறம் கழத்தி வச்சு, மெழுகை உருக்கி ஊத்திப் பொதைச்சிட்டேன். அன்னைக்கு எனக்கு என்னெல்லாம் தோணுச்சுன்னு கேக்காத. தோணுச்சு. ஆனா செய்யல.”

திருடவில்லை என்று அவள் சத்தியம் செய்திருந்தால்கூட செண்பகத்துக்கு முழுசாக நம்பிக்கை வந்திருக்காது. அட்டியலைப் போட்டுக்கொண்டு சோறு பொங்கினேன் என்று சொன்னதும், இத்தனை நாளும் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று நெஞ்சில் அவிழ்ந்தது. அந்த இடத்தில் தானாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று முதன்முதலாக அவளுக்குத் தோன்றியது.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாக்கா.”

“யாரு? நானா?” சீனித்தாய் எழுந்துவிட்டாள். “நீ எங்கிட்டச் சொன்னியா? வீட்டுச் சாவியைக் குடுத்த, மண்ணுக்குள்ள இருக்கதச் சொன்னியா? வந்த அன்னைக்கு மொகத்தப் பாத்தேனே! வந்ததும் வராததுமா நேரா இங்கன ஓடி வந்த. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன், என்னை என்னவா நெனச்சிருக்கேன்னு. சரி, அவளா வாயத் தெறக்கட்டும்னு இருந்தேன். நீ என் காதைப் பாத்த. இந்தா, பாரு.” அவள் கம்மலைக் கழற்றி நீட்டினாள். பின்பக்கம் பூச்சு உரிந்து செம்பு பல்லிளித்தது. “மாதா கோயில் திருவிழாக் கடையில வாங்குனது. எங்க வீட்டுக்காரரு ஆசைப்பட்டு வாங்கிக் குடுத்தாக.”

செண்பகம் அதைக் கையில் வாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

“பாலும் அப்பிடித்தான்” என்றாள் சீனித்தாய். இப்போது அவள் குரல் தணிந்துவிட்டது. “சாம்பல்ல ஊத்துனா எறும்பு மொய்க்காதா? இலைச் சக்கை பச்சையாத் தெரியாதா? ரெண்டாம் நாளே பாத்துட்டேன்.”

“பெறகு எதுக்குக்கா தெனமும் கொண்டுவந்தீங்க?”

“ஒரு நாளாவது அந்த மனுசனுக்குக் குடுக்க மாட்டியான்னுதான். அவரு எனக்கு என்ன பாவம் செஞ்சாரு?”

வளவு வாசலில் குதிரைவண்டி வந்து நின்ற சத்தம் இரண்டு பேருக்குமே கேட்கவில்லை. பிச்சையாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மந்திரமூர்த்தி புறவாசல் நிலையில் வந்து நின்றான். வெட்டிப்போட்ட குழி, சேறு அப்பிய மனைவி, அவள் மடியில் மின்னிய நகைகள் என்று எல்லாவற்றையும் அவன் கண் ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தது.

“ஏளா, ஒங்க அண்ணன்கிட்டல்லா இருக்குன்ன?”

செண்பகம் மடியை முந்தானையால் மூடினாள்.

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். கோபப்படக்கூட அவன் உடம்பில் தெம்பு இல்லை. “ஓட்டப்பிடாரத்துக்கு வந்தப்ப அவன்கிட்டக் கேட்டேன், நகையெல்லாம் பத்திரமா இருக்கான்னு. அவன் முழிச்ச முழியே சொல்லிட்டு, அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. நீ ஒங்க அக்கா தங்கச்சி யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டேன். இத்தன மாசமா நெனச்சுக்கிட்டேதான் கெடந்தேன். கேட்டா என்ன சொல்லுவியோன்னு கேக்கல.”

“ஒங்க கடைக்குக் கேட்டுருவீங்கன்னு...” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

“கேட்டிருப்பேன்தான்” என்றான் அவன். “நீ மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்.”

பிச்சையா ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு தன் மனைவியைப் பார்த்து, “இதுக்குத்தான் என்னை அந்தக் கல்லை உருட்டச் சொன்னியா?” என்றான். சீனித்தாய் சேற்றில் கிடந்த கொடிகளைக் குனிந்து பொறுக்கினாள். வேர் தங்கியவற்றை ஒரு பக்கமும் ஒடிந்தவற்றை ஒரு பக்கமுமாகப் போட்டாள். ஒடிந்தவற்றிலிருந்து நல்ல இலையாகக் கிள்ளி, கொண்டுவந்த குழாய்த் தண்ணீரில் அலசி எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள். அம்மி அரைபடும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் அதே கிண்ணம் வந்தது. அவள் அதைச் செண்பகத்திடம் நீட்டவில்லை. கட்டில் பக்கத்துத் தரையில் வைத்துவிட்டு, மந்திரமூர்த்தியிடம், “வேணும்னா குடிங்க அண்ணாச்சி. வேண்டாம்னா அதையும் சாம்பல்ல ஊத்தச் சொல்லுங்க” என்றாள். பிறகு, அவர்கள் ஊரிலிருந்து வந்த பிறகும் திருப்பிக் கொடுக்காமல் விட்டுப்போயிருந்த அவர்கள் வீட்டுச் சாவியை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கிண்ணத்தின் அருகில் வைத்துவிட்டுப் போனாள்.

மந்திரமூர்த்தி மனைவியைப் பார்த்தான். “சாம்பல்லன்னா?”

செண்பகம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது அழுதிருந்தாள். அவன் கிண்ணத்தை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “கசப்பு ஒண்ணும் பெருசா இல்ல” என்றான்.

கார்த்திகை கடைசியில் அவன் கண் தெளிந்தது. டாக்டர் தன் மருந்தால் என்றார். பிச்சையா கரிசாலையால் என்றான். உடம்பு தேறுகிற காலம் வந்துவிட்டது, தேறியது என்றான் மந்திரமூர்த்தி. அதுவரை தினமும் காலையில் கிண்ணம் வந்துகொண்டிருந்தது. ஆனால் அதைக் கொண்டுவந்தது பிச்சையா. சீனித்தாய் கிணற்றடிக்கு வந்தாலும் செண்பகம் இருக்கிற பக்கம் திரும்புவதில்லை. செண்பகம் இரண்டு தடவை அவள் வாசல் வரைக்கும் போனாள். “அக்கா” என்று கூப்பிட்டாள். உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது.

மந்திரமூர்த்தியும் அவளோடு பழையபடி பேச நாளாயிற்று. நகையை அவன் தொடவும் இல்லை, கேட்கவும் இல்லை. அவளாக ஒருநாள் அதை அவன் முன்னாலேயே அலமாரியில் வைத்துப் பூட்டி, “இது எங்க அம்மாது. கடைக்குத் தர மாட்டேன்” என்றாள். அதைச் சொல்வதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. “சரி” என்று மட்டும் சொன்னான் அவன். அவ்வளவு சுலபமாக அது முடியும் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை.

வெட்டிய குழியை அவள்தான் மூடினாள். சீனித்தாய் ஒதுக்கிப் போட்ட வேர்க்கொடிகளைத் தன் கையாலேயே ஊன்றினாள். எப்படி ஊன்றுவது என்று அவளுக்குத் தெரியாது. முதலில் நட்டதில் பாதி காய்ந்துபோயிற்று. பிச்சையாவிடம் கேட்டாள். கணு மண்ணுக்குள் இருக்க வேண்டும், நுனி மட்டும் வெளியே தெரிந்தால் போதும் என்று அவன் சொன்னான். யார் சொல்லிக்கொடுத்து அவன் சொன்னான் என்று அவள் கேட்கவில்லை. காலையில் குழாயடியில் வரிசையில் நின்று, தனக்கு ஒரு குடமும் பாத்திக்கு ஒரு குடமுமாகச் சுமந்து வந்தாள். மிச்சமிருந்த கொடிகள் மெல்லத் தலைதூக்கின. முன்வீட்டு ஆடு வந்தபோது அவளே விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

தை மாதம் ஒருநாள் உச்சி வெயில். குழாயடியில் தண்ணீர் தாமதமாக வந்ததால் அவள் அப்போதுதான் குடத்தோடு வந்து சேர்ந்திருந்தாள். வந்ததும் பாத்திக்குப் போய்க் குடத்தைச் சரித்தாள். அடுத்த வீட்டு நிலைவாசலில் இருந்து குரல் வந்தது.

“கொதிக்குத மண்ணுல ஊத்துறியே, அறிவிருக்கா? வேர் வெந்துராது?”

செண்பகம் குடத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். சீனித்தாய் முறத்தில் அரிசியை வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எப்ப ஊத்தணும்க்கா?”

“பொழுது சாயட்டும். நானும் வாரேன்.”